கைதட்டல் யாருக்கு?

அத்தியாயம் 11

வீட்டில் யாரிடமும் சொல்லாமல் அப்துல் சுபான் அந்தப் பெண்ணைத் தன் பாராட்டு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்.

மகள் சமரீனுக்கு அது விழா நாள் காலையில்தான் தெரிந்தது. அத்தாவின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து தாடியைச் சீவியபடி சொன்னார்.

“பாரதி வருது.”

“எந்த பாரதி?”

“என்னைப் பத்தி வீடியோ போட்டுச்சே, அந்தப் புள்ளதான். மெசேஜ் போட்டேன். நேர்ல வந்து கேளு, கேட்டுட்டு மனசுல பட்டதைச் சொல்லுன்னேன். வர்றேங்கய்யான்னு பதில் போட்டிருக்கு.”

சமரீன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

அந்த வீடியோ வந்ததிலிருந்து வீடு சரியாக இல்லை. பாரதி பாப்பிரெட்டிப்பட்டிக்காரி. சேலத்தில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறாள். யூடியூபில் பாட்டுகளைப் பற்றிப் பேசுகிறாள். ‘சுபான்: பெயர் பெரிது, வாசிப்பு?’ என்று தலைப்பு வைத்திருந்தாள். இத்தனை வருடங்களில் யாரும் கேட்காத கேள்வி. கேட்ட பிறகு, எல்லோருக்கும் அது முன்பே தோன்றியிருந்தது போல ஆகிவிட்டது.

தமிழில் முதலில் ராக் வாசித்தவர் சுபான். அதை பாரதி மறுக்கவில்லை. முதல் ஆள் என்பதாலேயே ஒருவர் மேதை ஆகிவிடுவாரா என்று கேட்டாள். மலைப்பாதையின் பெயர் வைத்த அவருடைய ‘காட் செக்ஷன்’ குழு இரண்டு ரெக்கார்டு போட்டது. ஜனங்களுக்குத் தெரிந்தது ஒரே பாட்டு. அந்த ஒரு பாட்டிலும் கொண்டாடுவது கடைசித் துண்டு. மீதிப் பாட்டுகளைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? கேட்காமலே எப்படி மேதை என்றீர்கள்?

பாட்டின் பெயர் ‘இறக்கம்’. தொப்பூர்க் கணவாயில் பாரம் ஏற்றிய லாரி இறங்குவது. கடைசியில் கிட்டார் ஒவ்வொரு கியராகக் குறைத்துக்கொண்டு இறங்கி வரும். பெங்களூரில் வாசித்த அதியமான்கோட்டைப் பையன், தன் வீட்டு வாசலில் ஓடிய லாரிகளைக் கம்பியில் ஓட்டினான் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதின. பிறகு எழுதியவர்களும் அதையே எழுதினார்கள்.

வீடியோவின் முடிவில் பாரதி ஓசூர் விழாவில் எடுத்த பதிவைப் போட்டிருந்தாள். அதில் மூன்றாவது கம்பி சுருதி விலகியிருந்தது. கிட்டார் தெரியாதவர்களுக்கும் பல் கூசியது. அதைப் போட்டுவிட்டு அவள் ஒன்றும் பேசவில்லை.

அதற்குக் காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சுபானுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. ஆள் உயர ஸ்பீக்கர்களுக்கு முன்னால் நின்ற காது. மெல்லிய உச்சச் சுரங்கள் முதலில் போயின. மீதி இருந்தவையும் இடம் மாறிக் கேட்டன. சரியாக இருக்கும் கம்பியை அவர் முறுக்கிக் கெடுத்தார். சுருதி மெஷினை வைத்துப் பார்க்கச் சொன்னால், காது இருக்கும்போது மெஷின் எதற்கு என்பார். காது கேட்கவில்லை என்ற சொல்லை வீட்டில் யாரும் அவரிடம் சொன்னதில்லை. எல்லோரும் அவர் முகத்துக்கு நேராக நின்று பேசப் பழகிக்கொண்டார்கள். அவர் தொழுகைக்கு எழுந்து போனதும் சமரீன் கம்பிகளைச் சரிசெய்து வைப்பாள். மேடை ஏறியதும் அவர் மறுபடி முறுக்குவார்.

“வரட்டும் அத்தா” என்றாள் சமரீன்.

சட்டையை மடித்துக் கொடுத்தாள்.

* * *

தாரிக் காருடன் வந்தான். பெங்களூரில் சவுண்ட் இன்ஜினியர். அக்காவைவிட ஆறு வயது சின்னவன். உள்ளே வராமல் அவளை முருங்கை மரத்தடிக்குக் கூப்பிட்டான். வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

“அக்கா, இன்னிக்கு ஒண்ணு பண்ணப் போறேன். அத்தாகிட்ட மூச்சு வுடக் கூடாது.”

“என்னடா?”

“காதுக்குள்ள வெக்கற சின்ன ஹெட்போன், இன்-இயர், அதை வெச்சுடுவேன். அவரு வாசிக்கறது அதுல அவருக்கு மட்டும் நல்லா சத்தமாக் கேக்கும். ஹாலுக்கு அவரு லைன் போவாது. பழைய ரெக்கார்டு போவும்.”

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவரு வாசிப்பாரு. ஊருக்குப் பழசு கேக்கும். அப்படியா?”

“டிரம்ஸும் பேஸும் எப்பவும் லேப்டாப்புலதானே போவுது. அதோட சேர்த்து கிட்டாரையும் வுட்டுடுவேன். ரெக்கார்டுல இருந்து கிட்டாரை மட்டும் தனியாப் பிரிச்சுட்டேன். சுத்தமா இருக்குது. ஒருத்தருக்கும் தெரியாது.”

“ஏமாத்து வேலைடா இது.”

“ஓசூர்ல நடந்தது என்னா? எல்லாத்துக்கும் கேட்டுச்சு. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. வெளிய வந்து டீ குடிச்சுக்கிட்டே, பெருசு முடிஞ்சுதுடான்னு சிரிச்சானுங்க. நான் பின்னாடிதான் நிக்கறேன், கையில அவரு கிட்டாரைத் தூக்கிக்கிட்டு.”

சமரீன் கீழே கிடந்த முருங்கைக் காம்பை எடுத்து ஒடித்தாள்.

“இன்னிக்கு அந்தப் பொண்ணு வேற வருதாம். ரெண்டாவது வீடியோவுக்கு நாமளே இடம் குடுக்கலாமா? நீ சொல்லு.”

அவளுடைய சிறுவயதில் அத்தா ஊருக்கு வரும்போதெல்லாம் கிட்டாரைச் சுருதி கூட்டிவிட்டு அவளைத்தான் பார்ப்பார். அவள் இல்லை என்று தலையாட்டினால் மறுபடி கூட்டுவார். பெங்களூரில் அவருடைய குழுவில் இருந்தவர்களிடம்கூட அப்படிக் கேட்டதில்லை என்பார். ஏழு வயதுப் பெண்ணின் தலையாட்டலுக்காக ஒரு மனிதர் காத்திருந்தார்.

“சரி” என்றாள்.

அந்த ஒரு சொல்தான். தாரிக் அதற்குத்தான் காத்திருந்தது போல காருக்குப் போனான்.

* * *

தொப்பூர்ப் பக்கம் போய் பொம்மிடி வழியாகப் பாப்பிரெட்டிப்பட்டி போனார்கள். தாரிக் ஓட்டினான். சுபான் முன்னால். பின்னால் சமரீனும் அவளுடைய அம்மா அமீருன்னிசாவும். கிட்டார் பெட்டி இருவர் மடியிலும் குறுக்கே கிடந்தது.

“இதைத் தூக்கறதுக்கே எனக்கு ஒரு விருது குடுக்கலாம்” என்றாள் அமீருன்னிசா.

கணவர் ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்த வருடங்களில் இரண்டு பிள்ளைகளையும் அவள்தான் வளர்த்தாள். அந்தப் பாட்டு அவளுக்குப் பிடிக்காது. அதை அவள் மறைத்ததும் இல்லை. வாசலில் ஓடுகிற லாரி போதாதா, வீட்டுக்குள்ளும் ஒன்று வேண்டுமா என்பாள்.

“கொஞ்ச நாளா கதவைச் சாத்திக்கிட்டு வாசிக்கறாரு” என்று மகளின் காதில் சொன்னாள். “ஒயர்கூடச் செருகறதில்ல. தாடையை கிட்டார் மேல வெச்சுக்கிட்டு, குனிஞ்ச மேனிக்கு உக்காந்திருக்காரு. கழுத்து வலிக்காதான்னு கேட்டா சிரிக்கறாரு.”

“வயசாவுதில்லம்மா. சாஞ்சுக்கிட்டிருப்பாரு.”

மண்டபத்தின் வாசலில் பெரிய பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ‘தருமபுரியின் ராக் சிங்கமே வருக.’ படத்தில் தோள்வரை முடி புரளும் ஒரு பையன் கிட்டாரை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு நின்றான். அவனுக்குப் பின்னால் சித்தேரி மலை போல ஏதோ வரைந்திருந்தார்கள். மண்டபத்துக்குப் பின்னால் நிஜமான சித்தேரி மலை இருந்தது.

விழா நடத்துகிறவர் சென்றாயன். மஞ்சளும் மரவள்ளியும் போடுகிற விவசாயி. கல்லூரி நாளிலிருந்து சுபானின் ரசிகர். ஓடி வந்து இரண்டு கைகளாலும் சுபானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்க பாய், வாங்க. அண்ணி, வாங்க. பிளெக்ஸ் எப்படிங்க இருக்குது?”

“யாருங்க அந்தப் பையன்?” என்றாள் அமீருன்னிசா.

“என்னங்க அண்ணி, நம்ம பாய்தானுங்க!”

“எனக்குக் கட்டி வெச்சப்பவே இவ்வளவு முடி கெடையாதே.”

சென்றாயன் விழுந்து விழுந்து சிரித்தார். சுபானும் சிரித்தார். எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருக்காது. மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. சமரீனுக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும்.

பாரதி படியோரம் நின்றிருந்தாள். சிறிய உருவம். தோளில் கேமரா. சென்றாயனுக்கு அவளைத் தெரிந்திருந்தது. பக்கத்துத் தெருப் பெண்.

“ஏன் கண்ணு, நீ என்னமோ பாய்க்கு மார்க்குப் போடறியாமே?”

“ஆமாங்க மாமா.”

“எங்க வூட்டுல டேப் ரெக்கார்டர் வாங்கினதும் மொத கேசட்டு அதுதான். தண்ணி கட்டப் போறப்போ தோளுல வெச்சுக்கிட்டுப் போவேன். எங்கப்பன் செத்த வருசம் பூரா அந்த ஒரு பாட்டுதான். அதுக்கு எத்தனை மார்க்குப் போடுவே?”

பாரதி கொஞ்சம் யோசித்தாள்.

“அது உங்க மார்க்குங்க மாமா. அவருது இல்லைங்களே.”

சென்றாயனின் முகம் சுருங்கியது. சுபான் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளிடம் நெருங்கிப் போனார்.

“நீதானே பாரதி?”

“ஆமாங்கய்யா.” அவள் குரல் இறங்கிவிட்டது. “கோபமாங்கய்யா?”

“ஓசூர்ல நான் வாசிச்சது கேவலம். நீதான் சொன்னே. வேற யாரு சொன்னா?” அவர் அவள் தோளைத் தட்டினார். “முன்னாடி உக்காரு. பாவம் பாக்காதே.”

தாரிக் அத்தாவின் காதில் இன்-இயரைப் பொருத்தும்போது சமரீன் வேறு பக்கம் பார்த்தாள்.

“நல்லாக் கேக்குதா அத்தா?”

சுபான் ஒரு கம்பியைத் தட்டினார். அவர் முகம் மலர்ந்தது. அப்படி மலர்ந்து அவள் பார்த்து வெகு நாளாகிவிட்டது.

“இதை ஏன்டா முன்னாடியே குடுக்கல?” என்றார்.

* * *

பேச்சுகள் நீண்டன. பதினொரு மணிக்கு என்று சொன்ன வாசிப்பு, சாப்பாட்டு வாசனை வர ஆரம்பித்த பிறகுதான் தொடங்கியது.

சமரீன் முன் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அத்தா நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் எடுத்தார். லேப்டாப்பிலிருந்து டிரம்ஸ் வந்தது.

பிறகு கிட்டார் வந்தது.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மண்டபம் முழுக்க அந்தச் சத்தம். ஒரு பிசிறு இல்லை. ஒரு கம்பிகூட விலகவில்லை. இருபத்தாறு வயது விரல்கள். அந்தப் பாட்டின் ஒவ்வொரு வளைவும் அவளுக்குத் தெரியும். இப்போது ஏறும் என்று நினைத்தால் ஏறியது. இங்கே ஒரு நொடி நிற்கும் என்று நினைத்தால் நின்றது. உயிருள்ள எதுவும் இவ்வளவு சொன்னபடி கேட்காது.

ஒரு தடவை நிமிர்ந்தாள். அத்தாவின் முகம் மட்டும்தான் கண்ணில் பட்டது. கண்களை மூடியிருந்தார். நெற்றியில் வியர்வை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மலையேறுகிறவனின் முகம் போல இருந்தது. கைகளைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. மறுபடியும் மடியைப் பார்த்துக்கொண்டாள்.

பக்கத்தில் அம்மா ஒரு மாதிரி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

இறக்கம் வந்தது. முதல் கியர் மாறியபோதே விசில் பறந்தது. பின் வரிசையில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். ஒவ்வொரு படியாக கிட்டார் கீழே வந்தது. சென்றாயன் துண்டால் கண்ணைத் துடைத்தார். கடைசிச் சுரம் நின்றதும் கூரை அதிர்ந்தது.

அத்தா கண்ணைத் திறந்தார். கூட்டம் நிற்பதைப் பார்த்தார். எழுந்து, கையை நெஞ்சில் வைத்து, தலை தாழ்த்தினார். அவர் அழுதார். மேடையில் அவர் அழுததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

தாரிக் மிக்ஸருக்குப் பின்னாலிருந்து அக்காவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான்.

பந்தியில் பாரதி அவளைத் தேடி வந்தாள். நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. முகத்தில் குழப்பம் இருந்தது.

“அக்கா, ஐயாகிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“அப்புறம் கேளும்மா. களைச்சுப் போயிருக்காரு” என்று தாரிக் குறுக்கே வந்தான். “அக்கா, கெளம்பலாம்.”

பாரதி இலைக்கு முன்னால் அப்படியே நின்றாள். அவர்கள் கிளம்பும்போதும் நின்றுகொண்டிருந்தாள்.

* * *

பொம்மிடி தாண்டும்வரை சுபான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். விழாவில் போர்த்திய சால்வை இன்னும் தோளில் இருந்தது. பிறகு உடம்பை முழுக்கத் திருப்பி, பின் இருக்கையில் சமரீனின் முகத்தைப் பார்த்தார்.

“எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு அத்தா.”

“அது ஊரு சொல்றது. நான் உன்னைக் கேக்கறேன். எந்த எடம் நல்லா இருந்துச்சு?”

தாரிக் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். எல்லோரும் கை தட்டிய இடத்தைச் சொன்னாள்.

“அந்த எறக்கம் அத்தா. கடைசில எறங்கி வர்ற எடம். இந்த வாட்டி ஒவ்வொண்ணும் சுத்தமா வந்துச்சு.”

அவர் அவள் வாயையே பார்த்தார். தவறாகப் படித்துவிட்டது போல நெற்றியைச் சுருக்கினார்.

“இன்னொருக்கா சொல்லு.”

“எறக்கம் நல்லா வந்துச்சு அத்தா.”

“எறக்கத்தை நான் இன்னிக்கு வாசிக்கவே இல்லையேம்மா.”

கார் வேகம் குறைந்தது.

“அதுக்குப் பதிலா வேற ஒண்ணு வாசிச்சேன். இத்தனை மாசமா அதைத்தானே பண்ணிக்கிட்டிருந்தேன்.” அவர் இன்னும் அவள் தப்பாகக் கவனித்திருப்பாள் என்றுதான் நினைத்தார். “எறக்கம் வர்ற எடத்துல. எறங்காமப் போவுமே, அது.”

அமீருன்னிசா கிட்டார் பெட்டியின் மேலிருந்து கையை எடுத்தாள்.

“எனக்குப் பட்டுச்சு” என்றாள். “கை ஒரு பக்கம் போவுது, பாட்டு ஒரு பக்கம் போவுது. என் கண்ணுலதான் கோளாறுன்னு நெனைச்சேன். என்னடா பண்ணீங்க ரெண்டு பேரும்?”

தாரிக் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இன்-இயர், பழைய ரெக்கார்டு, எல்லாவற்றையும் சொன்னான். உங்களைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது அத்தா என்றான். சுபான் பின்னால் திரும்பியபடியே இருந்தார். மகனின் வாய் அவருக்குத் தெரியவில்லை. அவன் பேசுகிறான் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஆகவே சமரீன்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

அவர் கேட்டுக்கொண்டார்.

“அப்ப நான் வாசிச்சது?”

“ஹாலுக்குப் போகல அத்தா.”

“உனக்கு?”

“எனக்கும் கேக்கல.”

“நீ கையைப் பாக்கலையா?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தாரிக் எதுலயாவது புடிச்சு வெச்சிருப்பானே.”

அவள் தம்பியைக் கேட்டாள். அவன் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியைச் சாய்க்காத குறை. அந்த லைனை மொத்தமாக மூடிவிட்டேன் அக்கா, எதிலும் பதிவாகவில்லை என்றான். அதையும் அவள் அவரிடம் சொன்னாள்.

சுபான் முன்னால் திரும்பிக்கொண்டார். சால்வையை எடுத்து மடித்து மடியில் வைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

“நல்லா வாசிச்சிருக்கான், அந்தப் பையன்.”

“யாரு?” என்றாள் அமீருன்னிசா.

அவருக்கு அது கேட்கவில்லை.

* * *

வீட்டுக்கு வந்தபோது மாலை அஸர் தொழுகை நேரம். சுபான் தொழுதுவிட்டு அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை. கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தார். தாரிக் காரை விட்டு இறங்கவே இல்லை.

சமரீனின் போன் அடித்தது. பாரதி. மரத்தடிக்குப் போய் எடுத்தாள்.

“அக்கா, வெச்சுடாதீங்க. நான் கேமராவுல முழுசாப் புடிச்சேன். வூட்டுக்கு வந்து பெருசு பண்ணிப் பாத்தேன். ஸ்பீக்கர்ல வந்தது பழைய ரெக்கார்டு.”

சமரீன் மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“இதை வெளிய வுட்டா என்ன ஆவும்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். எங்க அத்தாவுக்கு அப்போ எதுவும் தெரியாது பாரதி. நாங்க பண்ணினது.”

“அதுக்காக நான் போன் பண்ணலக்கா.” அவள் மூச்சு வாங்கினாள். “சத்தத்தை அணைச்சுட்டு கையை மட்டும் பாத்தேன். எறக்கம் வர்ற எடத்துல கை எறங்கவே இல்ல. தடிச்ச கம்பி மூணுலயே நிக்குது. மெல்லிசு கம்பி பக்கம் விரலே போவல. அதுக்கு முன்னாடியும் போவல. பாட்டு மொத்தமும் அந்த மூணுலயேதான். அது வேற வாசிப்புக்கா. நான் கிட்டாரை எடுத்து அந்த எடத்துலயே விரலை வெச்சு வாசிச்சுப் பாக்கறேன். பாதிதான் புடிபடுது.”

“எப்படி இருக்குது?”

சாலையில் ஒரு லாரி போனது. இன்னொன்று போனது.

“எனக்குத் தெரியலக்கா. அவரு வாசிச்சுக் கேட்டாத்தானே சொல்ல முடியும். அவருதான் என்னை வந்து கேளுன்னு கூப்புட்டாரு.” பாரதியின் குரலில் கோபம் இருந்தது. அழுகையாகவும் இருக்கலாம். “அவரு வாசிச்சதுக்கு இந்த வீடியோவைத் தவிர வேற சாட்சி இல்ல. இதைப் போட்டா ஊரே அவரைத் திருடன்னு சொல்லும். அழிச்சுட்டா அவரு வாசிச்சதே இல்லாமப் போயிடும். நானா முடிவு பண்ண மாட்டேன். ஐயாகிட்ட குடுங்க.”

தடித்த கம்பி மூன்று.

சமரீனுக்கு அப்போதுதான் புரிந்தது. மெல்லிய கம்பிகள்தான் அவருக்குப் போய்விட்டன. தடித்தவை இன்னும் கேட்கின்றன. எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கேட்காததை எல்லாம் ஒதுக்கிவிட்டு, மீதி இருந்ததில் ஒன்றைச் செய்திருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு, மரத்தில் தாடையை வைத்து, எலும்பால் கேட்டுக்கேட்டு. அவரை உலகம் எதற்காகக் கொண்டாடியதோ அதை விட்டுவிட்டு.

காது போவது அவருக்குத் தெரியாது என்று இவர்கள் மறைத்துக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்குத் தெரியாது என்று அவர் மறைத்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பினாள். அவர் வாசலுக்கு வந்திருந்தார்.

“யாரும்மா?”

“பாரதி.”

“என்ன சொல்லுது?”

இன்றைக்கு அவரிடம் அவள் சொன்ன எதுவும் உண்மையாக இருக்கவில்லை. காரில் கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மை, அதுவும் வேறு வழியில்லாமல். இப்போது அருகில் போய் அவர் முகத்துக்கு நேராக நின்றாள்.

“நீங்க என்ன வாசிச்சீங்கன்னு கேக்கறா அத்தா.”

அவர் முகத்தில் ஏதோ நகர்ந்தது. கையை நீட்டினார். அவள் போனைக் கொடுத்தாள்.

அவர் அதைக் காதில் வைத்தார். ஐயா, ஐயா என்று பாரதி கூப்பிடுவது சமரீனுக்கு அங்கிருந்தே கேட்டது. அவர் காத்திருந்தார். மற்றக் காதுக்கு மாற்றினார். அழுத்திப் பிடித்தார். ஐயா, அந்த மூணு கம்பியில என்னங்கய்யா வாசிச்சீங்க என்றது போன்.

அவர் போனைத் தாழ்த்தி மகளிடம் நீட்டினார்.

“எனக்குக் காது கேக்கலம்மா” என்றார். “நீ கேட்டுச் சொல்லு.”